மூன்று பென்ஷன், ஒரு வரிக் கோப்பு: கல்லடியில் முன்கூட்டி ஓய்வு பெற்ற வங்கி உத்தியோகத்தரின் கணக்கு

மட்டக்களப்பில் பென்ஷன் என்ற சொல்லுக்குள் பலதும் அடங்கும். அரச ஓய்வூதியமும் பென்ஷன்தான். வங்கி தன் பழைய ஊழியருக்குக் கொடுப்பதும் பென்ஷன்தான். ஓய்வு பெறும்போது கிடைத்த காசை நிலையான வைப்பில் போட்டு மாதா மாதம் எடுக்கும் வட்டியையும் வீட்டில் பென்ஷன் என்றே சொல்வார்கள். வரிச் சட்டம் இந்த மூன்றையும் மூன்று விதமாகப் பார்க்கிறது. ஒன்றுக்கு வரியே இல்லை. இன்னொன்று சம்பளத்தைப் போலவே வரிக்கு உட்படும். மூன்றாவது முதலீட்டு வருமானம். இந்த வேறுபாடு விளங்காமல் படிவம் நிரப்பினால், கட்டத் தேவையில்லாத வரியைக் கட்டவும் கட்ட வேண்டியதைக் கட்டாமல் விடவும் ஒரே ஆளால் ஒரே ஆண்டில் முடியும்.

இங்கே எடுத்துக்கொண்ட கோப்பு 2025/2026 வரி மதிப்பீட்டு ஆண்டுக்குரியது, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை. ஆளும் தொகைகளும் கணக்கு விளங்குவதற்காக நாம் அமைத்தவை. வீதங்களும் கழிவுகளும் திகதிகளும் அந்த ஆண்டுக்கு நடைமுறையில் உள்ளவை.

கோப்பில் இருப்பது

கல்லடியில் வசிக்கும் 54 வயதுப் பெண். ஒரு வங்கியில் 29 ஆண்டு சேவை. 2025 செப்டம்பர் 30 அன்று விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ் வேலையை விட்டார். கணவர் மாகாண சபைப் பாடசாலை ஆசிரியராக இருந்து சில ஆண்டுகளுக்கு முன் காலமானவர்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதச் சம்பளம் 260,000 ரூபா. ஒக்டோபர் முதல் மார்ச் வரை வங்கியின் ஓய்வூதியம் மாதம் 170,000 ரூபா. கணவர் வழியில் கிடைக்கும் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் ஆண்டு முழுவதும் மாதம் 38,000 ரூபா. ஓய்வு பெற்றபோது மொத்தமாகக் கிடைத்தது 1 கோடி 20 இலட்சம்: விருப்ப ஓய்வுக்கான நட்டஈடு 80 இலட்சம், ஓய்வூதியத்தின் ஒரு பங்கை முன்கூட்டிப் பெற்றுக்கொண்ட தொகை 40 இலட்சம். அதில் 1 கோடியை நவம்பர் 1 அன்று 7.5 சதவீத வட்டிக்கு, மாதா மாதம் வட்டி எடுக்கும் விதமாக வைப்பிலிட்டார். வீட்டின் மேல்மாடி ஏப்ரலில் இருந்து மாதம் 30,000 ரூபாவுக்கு வாடகைக்குப் போயிருக்கிறது.

நவம்பர் முதல் அவர் கணக்குகளில் மாதம் விழும் பென்ஷன்களைக் கூட்டினால், பிடித்தம் போக 263,050 ரூபா. ஓய்வுக்கு முன், வரி போக மிஞ்சிய சம்பளம் 250,200, விதவை ஓய்வூதியம் 38,000, மொத்தம் 288,200. காசு ஓரளவுதான் குறைந்தது. வரி எங்கே, எப்படி, யாரால் கழிக்கப்படுகிறது என்பதுதான் முழுதாக மாறிவிட்டது.

தருபவர் யார்?

ஓய்வூதியத்துக்கு வரி இல்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வது பாதி உண்மை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் விலக்கு அளிப்பது இலங்கை அரசாங்கமோ அரச திணைக்களமோ செலுத்தும் ஓய்வூதியத்துக்கு. ஆசிரியர், கிராம உத்தியோகத்தர், வைத்தியசாலைத் தாதி, பிரதேச செயலக எழுதுவினைஞர் போன்றோருக்கு ஓய்வூதியத் திணைக்களம் அனுப்பும் பணம் இதற்குள் வரும். மாகாண சபைப் பாடசாலையில் படிப்பித்தவருக்கும் பணம் வருவது அதே திணைக்களத்திலிருந்துதான். அவரது விதவைக்குக் கிடைக்கும் ஓய்வூதியமும் அங்கிருந்தே வருகிறது. ஆகவே இந்தக் கோப்பில் உள்ள 38,000 ரூபாவுக்கு வரி இல்லை.

வங்கி ஓய்வூதியம் அப்படியல்ல. அது கடந்தகால வேலைக்காகப் பழைய தொழில்கொள்வோர் தரும் பணம். சட்டத்தின் கண்ணில் அது தொழில் வருமானம். அரச வங்கி என்ற சொல் இந்த இடத்தில் நிறையப் பேரைத் தவறான வழிக்குக் கொண்டுபோகிறது. வங்கி அரசுக்குச் சொந்தமாக இருக்கலாம், ஆனால் வங்கி திணைக்களம் அல்ல. கூட்டுத்தாபனங்களும் சபைகளும் தங்கள் சொந்த நிதியத்திலிருந்து தரும் ஓய்வூதியத்துக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: செலுத்துவது திணைக்களமா, வேறொரு நிறுவனமா? கணக்குப் புத்தகத்தில் பணம் அனுப்பியவரின் பெயரைப் பார்த்தாலே பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

மூன்றாவது பென்ஷன், அதாவது 1 கோடி வைப்பின் மாத வட்டி, ஓய்வூதியமே அல்ல. அது ஓய்வுப் பணத்திலிருந்து பிறந்தது என்பதைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. வட்டி வட்டிதான்.

மொத்தத் தொகை: கையெழுத்துக்கு முன்பே பார்க்க வேண்டியது

இந்தக் கோப்பில் மிகப் பெரிய காசு தங்கியிருப்பது மாத ஓய்வூதியத்தில் அல்ல, விருப்ப ஓய்வு நட்டஈட்டில்.

தொழில் முடியும்போது மொத்தமாகக் கிடைக்கும் சில கொடுப்பனவுகளுக்குத் தனி வீதம் உண்டு. ஓய்வூதியத்துக்குப் பதிலாக முன்கூட்டிப் பெறும் தொகை, ஓய்வுப் பணிக்கொடை, தொழில் இழப்புக்கான நட்டஈடு ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றின் மொத்தத்தில் முதல் 1 கோடிக்கு வரி இல்லை, அடுத்த 1 கோடிக்கு 6 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். இவரது 1 கோடி 20 இலட்சத்தில் வரி வருவது 20 இலட்சத்துக்கு மட்டும். 6 சதவீதப்படி 120,000 ரூபா. வங்கி அதைக் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்கும்.

ஆனால் நட்டஈட்டுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அது எல்லா ஊழியருக்கும் ஒரே சீராகப் பொருந்தும் திட்டம் என்று இறைவரி ஆணையாளர் நாயகம் ஏற்றுக்கொண்ட திட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். நிறுவனம் அந்த ஏற்பைப் பெறாமல், ஒருவருக்கு ஒரு தொகை இன்னொருவருக்கு வேறு தொகை என்று பேசித் தீர்த்துக் கொடுத்திருந்தால், அந்த 80 இலட்சமும் சாதாரண வருமானத்தோடு கூட்டப்படும். அப்படிக் கூட்டினால் இவரது வரி விதிக்கத்தக்க வருமானம் 9,362,500 ரூபாவாக ஏறும். முதல் 25 இலட்சத்துக்கு 420,000 ரூபா, மீதி 6,862,500 ரூபாவுக்கு 36 சதவீதப்படி 2,470,500 ரூபா. மொத்தம் 2,890,500. திட்டம் ஏற்கப்பட்டிருந்தால் இதே ஆண்டின் சாதாரண வரி 125,250 ரூபாவும் மொத்தத் தொகைக்கான 120,000 ரூபாவும் மட்டுமே. ஒரு கடிதம் இருக்கிறதா இல்லையா என்பதில் தொங்கும் வித்தியாசம் 26 இலட்சத்து 45 ஆயிரத்து 250 ரூபா.

ஆகவே விருப்ப ஓய்வு விண்ணப்பத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தத் திட்டத்துக்கு ஆணையாளர் நாயகத்தின் ஏற்பு கிடைத்திருக்கிறதா, கடிதத்தின் பிரதி தருவீர்களா? வேலையை விட்ட பிறகு கேட்டால் பதில் வரும், ஆனால் அந்தப் பதிலை மாற்ற முடியாது. கிளை முகாமையாளர் வாய்மொழியாக "எல்லாம் ஓகே மிஸ்" என்று சொல்வதை வைத்துக்கொண்டு 80 இலட்சத்தைத் தீர்மானிக்கக் கூடாது. அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தக் கடிதம் அவர் மேசைக்கு வந்திருக்காது.

பாதி ஆண்டு சம்பளம், பாதி ஆண்டு ஓய்வூதியம்

தொழில் வருமானத்திலிருந்து மாதா மாதம் கழிக்கப்படும் வரியை எல்லோரும் ஏபிஐடி என்றே சொல்கிறார்கள். 2023 ஜனவரி 1இலிருந்து ஊழியரின் சம்மதம் கேட்காமலே இது கழிக்கப்படுகிறது. 2025 ஏப்ரலில் இருந்து, மாதம் 150,000 ரூபா வரை வரி பிடிப்பதில்லை. அதற்கு மேல் 233,333 வரை 6 சதவீதம், அடுத்த 41,667 ரூபாவுக்கு 18 சதவீதம், பிறகு 24, 30, 36 என்று ஏறும்.

சம்பளம் 260,000 ஆக இருந்தபோது மாதம் 9,800 ரூபா கழிந்தது. முதல் 83,333 ரூபாவுக்கு 5,000, மீதி 26,667 ரூபாவுக்கு 4,800. ஆறு மாதத்துக்கு 58,800. ஓய்வூதியம் 170,000 ஆனபோது 20,000 ரூபாவுக்கு 6 சதவீதப்படி மாதம் 1,200, ஆறு மாதத்துக்கு 7,200. இரண்டும் சேர்த்து 66,000 ரூபா.

இப்போது ஆண்டாகப் பார்க்கவும். சம்பளம் 1,560,000, ஓய்வூதியம் 1,020,000, மொத்தம் 2,580,000. ஆண்டுத் தனிநபர் கழிவு 1,800,000 போக 780,000. இது முழுவதும் 6 சதவீதப் படிக்குள்ளேயே நிற்கிறது. வரி 46,800. ஆனால் கழிந்தது 66,000. 19,200 ரூபா கூடுதலாகப் போய்விட்டது.

யாரும் பிழை செய்யவில்லை. மாத அட்டவணை ஒவ்வொரு மாதத்தையும், இதே தொகை பன்னிரண்டு மாதமும் வரும் என்று எண்ணிக்கொண்டு கணக்கிடுகிறது. சம்பளம் அதிகமாக இருந்த மாதங்களில் 18 சதவீதப் படிக்குள் போன தொகை, ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் படிக்குப் போகவே இல்லை. மதிப்பீட்டு ஆண்டின் நடுவில் ஓய்வு பெறும் எவருக்கும், சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் இடையில் பெரிய இறக்கம் இருந்தால், இப்படி நடக்கலாம். கூடுதலாகப் போன காசு தானாகத் திரும்பி வராது. ஆண்டு வரி விவரத்திரட்டு, அதாவது ரிட்டர்ன், சமர்ப்பித்தால்தான் அது கணக்கில் சேரும். "என்னுடைய வரியை வங்கியே கழித்துவிட்டதே, நான் எதற்கு ரிட்டர்ன் போட வேண்டும்" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த ஆண்டில்தான் காசை இழக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல். சில இடங்களில் ஓய்வூதியத்தை வங்கி நேரடியாகச் செலுத்தாமல், தனி ஓய்வூதிய நிதியம் ஒன்று செலுத்தும். அப்படியானால் வரி நோக்கில் அது புதிய கொடுப்பனவாளர். மாதம் 150,000 ரூபா வரை வரி பிடிக்காத சலுகை ஒரே ஓர் இடத்தில்தான் கிடைக்கும், அது பிரதான தொழிலுக்குரியது. இதுவே என் பிரதான தொழில் என்ற பிரகடனத்தை நிதியத்துக்குக் கொடுக்காவிட்டால், நிதியம் இவரை இரண்டாம் தொழில் உள்ளவராகக் கருதி அந்தச் சலுகையே இல்லாமல் வரி பிடிக்கும். முதல் ஓய்வூதியச் சீட்டு வந்த அன்றே பார்க்க வேண்டிய இலக்கம் 1,200. அதைவிடப் பெரிய தொகை கழிந்திருந்தால் அந்த வாரமே விசாரிக்க வேண்டும்.

ஆண்டில் கழித்த ஏபிஐடி எவ்வளவு என்று காட்டும் டீ-10 சான்றிதழும் அதே காரணத்தால் இரண்டாகலாம்: சம்பளத்துக்கு வங்கியிடமிருந்து ஒன்று, ஓய்வூதியத்துக்கு நிதியத்திடமிருந்து ஒன்று. இரண்டாவதை மறந்தால், ஏற்கெனவே கழிந்த 7,200 ரூபா வரி கணக்கில் சேராமல் கைநழுவும்.

வட்டி: கையெழுத்து ஒன்று, விளைவு இரண்டு

வைப்பு வட்டியிலிருந்து வங்கி கழிக்கும் நிறுத்திவைத்தல் வரி 2025 ஏப்ரல் 1இலிருந்து 10 சதவீதம். அதற்கு முன் 5 சதவீதமாக இருந்தது. மாத வட்டி 62,500 ரூபாவில் 6,250 ரூபா கழிந்து 56,250 ரூபா கணக்குக்கு வந்தது. நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதம்: மொத்த வட்டி 312,500, கழிவு 31,250, கைக்கு வந்தது 281,250.

விவரத்திரட்டில் எழுத வேண்டியது 312,500. புத்தகத்தைப் பார்த்து 281,250 என்று எழுதிவிட்டு, கீழே 31,250 ரூபாவை வரவாகவும் கேட்பது அடிக்கடி நடக்கும் பிழை. வங்கியின் கழிவுச் சான்றிதழ் இருந்தால் இந்தப் பிழை வராது, ஏனெனில் அதில் மொத்த வட்டியும் கழித்த வரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சான்றிதழில் தன் வரி செலுத்துநர் அடையாள இலக்கம், ஊரில் சொல்லும் டின் நம்பர், சரியாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் அந்த 31,250 ரூபா இன்னொருவர் பெயரில் போய் உட்காரும்.

இனிச் சுய பிரகடனம். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாத தனியாள், டின் நம்பரோடு வங்கிக்கு ஒரு பிரகடனம் கொடுத்தால் வட்டியில் 10 சதவீதம் கழிக்க மாட்டார்கள். இது நல்ல ஏற்பாடு. ஆனால் வைப்புப் படிவங்களோடு சேர்த்து நீட்டப்படும்போது அது யாருக்குரியது என்பது மறைந்துவிடுகிறது. "மிஸ், நீங்களும் பென்ஷன்காரர்தானே, இதிலயும் ஒரு கையெழுத்து வைங்க" என்று கவுண்டரில் அன்பாகச் சொல்வார்கள். இவர் வைக்கக் கூடாது. இவரது வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டியது. கையெழுத்து வைத்தால் அது பொய்ப் பிரகடனம், பின்னால் வரியும் தண்டமும் சேர்ந்து வரும்.

அதே கவுண்டரில் இவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். அரச ஓய்வூதியம் மாதம் 70,000, வைப்பு வட்டி மாதம் 75,000. ஆண்டுக்குக் கூட்டினால் 17 இலட்சத்து 40 ஆயிரம், எல்லைக்கு மிகக் கிட்ட என்று அவர் பயப்படுவார். பயம் தேவையில்லை. அரச ஓய்வூதியம் விலக்களிக்கப்பட்டது, மதிப்பிடத்தக்க வருமானத்துக்குள் வராது. அவருக்குக் கணக்கில் எடுபடுவது வட்டி 900,000 ரூபா மட்டும். அவர் தாராளமாகக் கையெழுத்து வைக்கலாம், வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஆண்டுக்கு 90,000 ரூபா கழியும், அதைத் திரும்பப் பெற விவரத்திரட்டு வழியாகத்தான் போக வேண்டும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இந்தக் கையெழுத்தைத் தெரியாமல் விடும் அரச ஓய்வூதியர்களுக்காகவே இந்தப் பந்தியைச் சற்று நீட்டி எழுதினோம். பிரகடனம் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனி, ஒவ்வொரு மதிப்பீட்டு ஆண்டுக்கும் புதிது.

தனியாளின் தொழில் வருமானமும் முதலீட்டு வருமானமும் காசு கைக்கு வரும் அடிப்படையில் கணக்கிடப்படும். மாத வட்டிக்குப் பதிலாக முதிர்வில் வட்டி எடுக்கும் விதமாக வைத்திருந்தால், முழு 750,000 ரூபாவும் அடுத்த மதிப்பீட்டு ஆண்டில் விழும். மாதச் செலவுக்கு அந்தக் காசு தேவைப்படாதவர்கள் யோசிக்கலாம். கூட்டுக் கணக்கில் வைப்பவர்களுக்கு வட்டி அவரவர் பங்குப்படி பிரியும், பங்கு தெளிவில்லையென்றால் சமமாக.

வாடகை

மாதம் 30,000. வாடகை மாதம் 100,000 ரூபாவைத் தாண்டினால்தான் நிறுத்திவைத்தல் வரி என்ற பேச்சு வரும், ஆகவே யாரும் எதையும் கழிக்கவில்லை. கழிக்கவில்லை என்பதற்காக வரி இல்லை என்று ஆகாது. ஆண்டுக்கு 360,000 ரூபா வருமானத்தில் சேரும். பழுதுபார்ப்புக்கென்று வாடகையில் 25 சதவீதம், 90,000 ரூபா, கழிவாகக் கிடைக்கும். அதை எடுத்தால் பெயின்ட் பில்லையும் மேசன் கூலியையும் தனியாகக் கழிக்க முடியாது.

முழுக் கணக்கு

தொழில் வருமானம் 2,580,000. வட்டி 312,500. வாடகை 360,000. மதிப்பிடத்தக்க வருமானம் 3,252,500 ரூபா.
தனிநபர் கழிவு 1,800,000, வாடகைக் கழிவு 90,000. மீதி, வரி விதிக்கத்தக்கது 1,362,500.
முதல் 1,000,000க்கு 6 சதவீதம்: 60,000. அடுத்த 362,500க்கு 18 சதவீதம்: 65,250. வரி 125,250.
ஏற்கெனவே போனது: ஏபிஐடி 66,000, வட்டிக் கழிவு 31,250. மொத்தம் 97,250.
கட்ட வேண்டிய மீதி 28,000 ரூபா.

சம்பளத்தில் கூடுதலாகக் கழிந்த 19,200 ரூபா இங்கே வட்டிக்கும் வாடகைக்குமான வரியோடு ஈடாகிவிட்டது. வட்டிக்கு 10 சதவீதம் கழித்தாயிற்று, அதோடு முடிந்தது என்ற நம்பிக்கை எங்கே உடைகிறது என்பதும் இங்கே தெரிகிறது. இவருக்கு அந்த வட்டி விழுவது 18 சதவீதப் படியில். 10 சதவீதம் முற்பணம் மட்டுமே.

1 கோடி 20 இலட்சம் இந்தக் கூட்டலுக்குள் இல்லை என்பதைக் கவனிக்கவும். விவரத்திரட்டில் அதற்குத் தனி இடம் உண்டு, அதற்கான 120,000 ரூபாவும் அங்கேயே ஈடாகிவிடும்.

38,000 ரூபாவை எங்கே எழுதுவது?

விதவை ஓய்வூதியம் ஆண்டுக்கு 456,000 ரூபா. இதை இரண்டு விதமாகப் பிழையாக எழுதலாம்.

முதலாவது, எல்லாம் பென்ஷன்தானே என்று வங்கி ஓய்வூதியத்தோடு கூட்டி எழுதுவது. அப்போது வரி விதிக்கத்தக்க வருமானம் 1,818,500 ஆகும். 60,000, 90,000, பிறகு 318,500க்கு 24 சதவீதப்படி 76,440. மொத்தம் 226,440. இல்லாத வரி 101,190 ரூபா. விதவை ஓய்வூதியத்தில் ஏறக்குறைய மூன்று மாதக் காசு.

இரண்டாவது, வரி இல்லைதானே என்று எழுதாமலே விடுவது. இதனால் வரி மாறாது, ஆனால் கோப்பு பலவீனமாகும். விவரத்திரட்டோடு சொத்து பொறுப்புக் கூற்றும் சமர்ப்பிக்க வேண்டும். வைப்பும் சேமிப்பும் நகையும் கூடியிருக்கும், காட்டிய வருமானம் அதற்குப் போதாமல் இருக்கும். காசு எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும்போது, ஓய்வூதியத் திணைக்களத்தின் பணம் என்று பிற்பாடு விளக்குவதைவிட, விலக்களிக்கப்பட்ட வருமானத்துக்கான பகுதியில் 456,000 என்று முதலிலேயே எழுதிவிடுவது மேல். பிரதேச செயலகத்துக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் உயிர்ச் சான்றிதழுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே கொடுத்ததால் இறைவரித் திணைக்களத்துக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

கூரையில் உள்ள கழிவு

கல்லடியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. தேசிய மின்கட்டமைப்போடு இணைக்கப்படும் சூரிய மின்கலத் தகடுகளைத் தன் வீட்டில் பொருத்தச் செலவழித்தால், ஆண்டுக்கு 600,000 ரூபா வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். கடன் எடுத்துப் பொருத்தினால் வங்கிக்குக் கட்டும் தவணைக்கும் இதே கழிவு உண்டு. இவர் மார்ச் 31க்குள் 600,000 ரூபா செலவழித்திருந்தால் வரி விதிக்கத்தக்கது 762,500 ஆக இறங்கி, வரி 45,750 ஆகும். 28,000 கட்டுவதற்குப் பதிலாக 51,500 ரூபா திரும்பக் கேட்கலாம். வரிக்காக மட்டும் கூரையில் தகடு போடச் சொல்லவில்லை. எப்படியும் போடப்போகிறவர் ஏப்ரலுக்குத் தள்ளுவதா மார்ச்சில் முடிப்பதா என்று பார்க்கும்போது 79,500 ரூபா ஒரு காரணம்தான். ஓய்வு பெற்ற ஆண்டில் வருமானம் 18 சதவீதப் படியில் இருப்பதால் கழிவுக்கும் பெறுமதி கூட. விலைச்சிட்டை அவர் பெயரிலேயே இருக்க வேண்டும், மகன் பெயரில் அல்ல.

பகுதி நேர வேலை வந்தால்

54 வயதில் ஓய்வு பெற்றவர் சும்மா இருக்கமாட்டார். ஒரு நிதி நிறுவனம் மாதம் 60,000 ரூபாவுக்கு அழைத்ததாக வைத்துக்கொள்வோம். புதிய இடத்திலும் பிரதான தொழில் பிரகடனத்தைக் கொடுத்துவிட்டால் அங்கே பிடிக்கும் வரி பூச்சியம், ஏனெனில் 60,000 என்பது 150,000க்குக் கீழே. கையில் முழுக் காசு வரும். ஆண்டு முடிவில் 720,000 ரூபாவும் ஓய்வூதியத்தின் மேல் ஏறி உட்காரும். ஓய்வூதியத்தையும் இதையும் மட்டும் பார்த்தாலே, கழியாமல் நிற்கும் வரி 43,200 ரூபா. வட்டியும் வாடகையும் 18 சதவீதப் படியையும் தாண்டி 24 சதவீதப் படிக்குள் போகும். புதிய இடத்தில் இரண்டாம் தொழில் என்று சொல்லி மாதா மாதம் கழிக்க விடுவதே நல்லது.

திகதிகள்

டின் நம்பரையும் இணையச் சேவைக்கான இரகசிய இலக்கத்தையும் (PIN) ஓய்வுக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். வங்கியில் இருந்தபோது கொடுத்த தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் அலுவலகத்துடையவையாக இருந்தால் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கடவுச்சொல் போய்ச் சேர்வது இனித் திறக்க முடியாத முகவரிக்கு. தடங்கல் வந்தால் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

2025/2026க்கான மீதி 28,000 ரூபாவைக் கட்டி முடிக்கும் கடைசி நாள் 2026 செப்டம்பர் 30, விவரத்திரட்டுக்கு நவம்பர் 30. உண்மையில் அந்த மீதியை மதிப்பிட்டுக் காலாண்டுத் தவணைகளில் கட்டியிருக்க வேண்டும். ஓய்வு பெற்ற பின் எஞ்சியிருந்த தவணைகள் நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. முதல் ஆண்டில் இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். அப்படி ஆனால் செப்டம்பருக்குக் காத்திராமல் உடனே கட்டுவது நல்லது, பிந்தும் தொகைக்கு மாதக் கணக்கில் வட்டி ஏறும்.

இதே வீதங்கள் தொடர்ந்தால் 2026/2027 இப்படி இருக்கும்: ஓய்வூதியம் 2,040,000, வட்டி 750,000, வாடகை 360,000. கழிவுகள் போக 1,260,000. வரி 106,800. ஏபிஐடி 14,400, வட்டிக் கழிவு 75,000. மீதி 17,400. நான்காகப் பிரித்தால் தவணைக்கு 4,350 ரூபா. முதல் தவணையும் மதிப்பிட்ட வரிக் கூற்றும் 2026 ஆகஸ்ட் 15 அன்று. கவனிக்க வேண்டியது: புதிய ஆண்டின் முதல் தவணை, பழைய ஆண்டின் மீதியைக் கட்டும் நாளுக்கு ஆறு வாரம் முந்தியே வருகிறது. இரண்டாம் தவணை நவம்பர் 15, பழைய ஆண்டின் விவரத்திரட்டுக்கு இரண்டு வாரம் முன். ஆகஸ்ட்டிலிருந்து நவம்பர் வரை இரண்டு ஆண்டின் வேலைகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து நிற்கும். கட்டும்போது எந்த மதிப்பீட்டு ஆண்டுக்கு என்று பிழையாகக் குறித்தால், கட்டிய காசு ஒரு ஆண்டில் மிகையாகவும் மற்ற ஆண்டில் நிலுவையாகவும் நிற்கும். ஆகவே இரண்டு ஆண்டுக்கும் இரண்டு கோப்புறை. 2025/2026க்குரியதில் டீ-10 சான்றிதழ்கள், வட்டிக் கழிவுச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், ஓய்வூதியத் திணைக்களப் பணம் வந்த கணக்குக் கூற்று, விருப்ப ஓய்வுத் திட்ட ஏற்புக் கடிதத்தின் பிரதி ஆகியவை இருக்க வேண்டும், ஐந்து ஆண்டு வரை.